ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவிவிடாதீர்கள்

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) இருக்கிறோம். என் மாமியாருக்கு 61 வயது. தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது. நான்கு நாளாக அந்தக் கால் கெண்டைச்சதை வீங்கிக் கெட்டியாக இருக்கிறது, வலிக்கிறது என்கிறார். கட்டுப் பிரித்ததும் மறுபடி போட்ட கொலுசு அந்தக் காலில் மட்டும் இறுகிப் பதிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா யானைக்கால் என்கிறார். என் வீட்டுக்காரர் சுளுக்கு உருவுகிறவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து நன்றாக இருந்த ஒருவர், பாத்ரூம் போக எழுந்தவர் அப்படியே சரிந்து இறந்துவிட்டார். காலில் இருந்த ரத்தக்கட்டி நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார்கள். அதிலிருந்து பயமாக இருக்கிறது. தங்கையும் பிரசவமாகி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மெயிலைப் படித்ததும் பதில் எழுத உட்காராமல் அதில் இருந்த நம்பருக்குத்தான் பேசினேன். உருவுகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அத்தையை நடக்க வைக்காமல் ஆட்டோவில் ஏற்றி, ரத்தக்குழாயின் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இன்றே கூட்டிப் போங்கள் என்றேன். நல்லவேளை, அன்று மாலையே போனீர்கள். முழங்காலின் பின்பக்கம் தொடங்கித் தொடைவரை ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி என்று ரிப்போர்ட் வந்தது, மருந்தும் ஆரம்பித்தாயிற்று, மூச்சுக்கு ஒன்றும் சிரமம் இல்லை என்று நேற்றுச் சொன்னீர்கள். ஆகவே இந்தப் பதிலில் பாதிதான் உங்களுக்கு, மீதி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும் மற்ற வீடுகளுக்கு.

முதலில் அந்த உருவுகிற விஷயம். சுளுக்கு உருவுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, உண்மையான சுளுக்குக்கு அவர்கள் கைப்பக்குவம் இதமாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கால் மட்டும் காரணம் தெரியாமல் வீங்கியிருக்கும்போது விளக்கெண்ணெய் போட்டுக் கீழிருந்து மேலாக அழுத்தி உருவுவது ஆபத்து. காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் பாதத்திலிருந்து மேல் நோக்கி ஏற வேண்டும், நாம் நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கிச் சுருங்கித்தான் அதை மேலே தள்ளுகிறது. கால் ஆறு வாரம் கட்டுக்குள் அசையாமல் கிடந்தால் கோடைக்காலத்துக் கெடிலம் ஆறு மாதிரி ரத்தம் தேங்கி, தேங்கிய இடத்தில் உறைகிறது. புதிதாக உறைந்த கட்டி குழாயின் சுவரில் இறுக ஒட்டியிருக்காது. அதை அழுத்தித் தள்ளினால் ஒரு துண்டு பிய்ந்து, வயிற்றுக்குள் ஓடும் பெரிய சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரல் தமனியில் அடைத்துக்கொள்ளும். உங்கள் தெருவில் நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். யாரும் உருவாமலேயே, படுத்திருந்தவர் எழுந்து நாலடி வைக்கும்போது கூடக் கட்டி பிய்ந்து போகும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்தவர்கள் பாத்ரூமுக்குப் போகும்போதோ முக்கும்போதோ விழுந்த கதைகளை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம்.

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் நாங்கள் இன்றும் மூன்று காரணங்களைச் சொல்கிறோம்: ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் அடிபடுவது, ரத்தமே சீக்கிரம் உறையும் தன்மைக்கு மாறுவது. (அவர் பிறந்த அக்டோபர் 13-ஐத்தான் இப்போது உலக ரத்த உறைவு தினமாக வைத்திருக்கிறார்கள்.) உங்கள் அத்தைக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. கால் அசையவில்லை, எலும்போடு சேர்ந்து சுற்றியுள்ள குழாய்களும் அடிபட்டிருக்கின்றன, அடிபட்ட உடம்பு ரத்தப்போக்கைத் தடுக்கத் தன் ரத்தத்தைச் சீக்கிரம் உறையும்படி மாற்றிக்கொள்ளும். அதனால் கால் வீக்கத்தோடு யார் வந்தாலும் நான் காலைப் பார்ப்பதற்கு முன் கேட்பது, கடந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்பதைத்தான். ஆபரேஷன், எலும்பு முறிவு, மாவுக்கட்டு, பிரசவம், காய்ச்சலோ கோவிட்டோ வந்து பல நாள் படுக்கை, புற்றுநோய்ச் சிகிச்சை, கருத்தடை மாத்திரை, நெடும்பயணம், முன்பு ஒருமுறை கட்டி வந்தது, அண்ணன் தம்பி அப்பா அம்மாவுக்கு வந்தது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்து, ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், வேறு யோசனையே வேண்டாம், அன்றைக்கே ஸ்கேன்.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதிய கொலுசுதான் எனக்கு எல்லாவற்றையும் விட நல்ல தடயம், அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஒரு கால் கொலுசு மட்டும் பதிவது, ஒரு கால் செருப்பு வார் மட்டும் பிடிப்பது, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் ஒரு கெண்டைக்கால் மட்டும் பளபளவென்று தோல் இறுகித் தெரிவது. இணையத்தில் படித்தால் கால் சிவந்திருக்கும் என்று போட்டிருப்பார்கள், நம்முடைய நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. மற்றக் காலை விட ஒரு மாற்றுக் கருமையாகவோ ஊதா ஓடியோ தெரியும், அதுவும் வெளிச்சத்தில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான். சூட்டைப் பார்க்க உள்ளங்கையை விடப் புறங்கை நல்லது, இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். அப்புறம் தையல் டேப் இருந்தால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே குறித்துக்கொண்டு இரண்டு காலையும் சுற்றி அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வோம். அதற்குக் குறைவு என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. பாதத்தை மேலே மடக்கிப் பார்த்து வலித்தால் கட்டி, வலிக்காவிட்டால் இல்லை என்று யூடியூபில் சொல்லித்தருகிறார்கள், அது நம்பக்கூடிய சோதனை இல்லை.

கட்டுப் பிரித்த காலில் கொஞ்சம் வீக்கம் எல்லோருக்கும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். கணுக்கால், பாதத்தைச் சுற்றி வீங்கும், சாயங்காலம் கூடும், இரவு காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வடியும். கெண்டைச்சதையில் வலி, இரவு முழுக்கப் படுத்தும் வடியாதது, நாளுக்கு நாள் மேலே ஏறுவது, இவை அந்தக் கணக்கில் வராது. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல எனக்கே பல நேரம் முடியாது, பிறகு பக்கத்து வீட்டு அக்காவை என்ன குறை சொல்ல?

அவர் யானைக்கால் என்றதும் சும்மா இல்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன் கால் வீங்கினால் முதலில் வாயில் வருவது அதுதான். ராத்திரியில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் போனது உங்கள் அத்தைக்கே நினைவிருக்கலாம். அந்தக் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் வெளியே வரும் என்பதால் அந்த நேரம். 1975-இல் புதுச்சேரியில் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம், வி.சி.ஆர்.சி., இந்த நோயோடுதான் நிறைய மல்லுக்கட்டியது. ஆனால் யானைக்கால் நான்கு நாளில் வராது. குளிர் காய்ச்சல் வரும், தொடை இடுக்கில் நெறி கட்டும், கொஞ்சம் வீங்கி வடியும், மறுபடி வரும், இப்படி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போய்த்தான் தோல் தடித்துக் கால் பெருக்கும். நேற்றுவரை சாதாரணமாக இருந்த கால் இன்று வீங்கியிருக்கிறது என்றால் யானைக்காலை நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. இன்னொன்று, காலில் புண்ணோ சேற்றுப்புண்ணோ இருந்து காய்ச்சலும் எரிச்சலுமாகக் கால் வீங்கினால் தோல் கிருமித்தொற்றாக இருக்கலாம், சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம், அதற்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் பெரும்பாலும் வேறு கதை. இதயம், சிறுநீரகம், ஈரல், சில பேருக்கு பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை கூடக் காரணமாக இருக்கும். நின்றே வேலை பார்க்கும் டீக்கடைக்காரர்களுக்கும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கும் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அது மேல்தோலுக்கு அடியில் உள்ள சிரை, அது வேறு. பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத உள்சிரை.

இப்போது மூச்சு. கால் அறிகுறி எதுவுமே இல்லாமல் நேரே நெஞ்சில் வந்து நிற்பவர்களும் நிறையப் பேர், அதனால் இதைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மூச்சு வாங்கும். நேற்று மாடிப்படி ஏறியவருக்கு இன்று புடவை மாற்றிக்கொள்வதற்குள் இரைக்கும். நெஞ்சிலோ விலாவிலோ மூச்சை இழுக்கும்போது மட்டும் சுருக்கென்று குத்தும். இதயம் படபடவென்று ஓடும், எழுந்தால் கண் இருட்டும், சில பேருக்கு இருமலில் ரத்தக் கோடு தெரியும். நம் வீடுகளில் இதற்கு உடனே வாயு என்று பெயர் வைத்து ஓமத்தண்ணீரும் சோடாவும் கொடுத்துவிடுவார்கள், அதில் போகிற இரண்டு மணி நேரம்தான் சில பேருக்கு உயிர். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி 97 காட்டுகிறது என்று சமாதானம் ஆகாதீர்கள், நுரையீரலில் ரத்தக்கட்டி இருந்தும் அது நல்ல எண்ணைக் காட்டலாம், ஈ.சி.ஜி.யும் நார்மலாக வரலாம். மேலே சொன்ன மூன்று மாதக் காரணங்களில் ஒன்று இருந்து, மூச்சில் இந்த மாற்றம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். புதுச்சேரிப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: கோரிமேடு ஜிப்மருக்குப் போவதென்றால் விடிகாலை ஓ.பி. வரிசையில் போய் நிற்காதீர்கள், ராத்திரியோ பகலோ நேரே அவசரப் பிரிவு. கடலூர்க்காரர்கள் அரசு தலைமை மருத்துவமனையைத் தாண்டிப் புதுச்சேரிதான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், மூச்சுத்திணறல் இருந்தால் முதலில் பக்கத்தில் எங்கே ஆக்சிஜனும் டாக்டரும் உண்டோ அங்கே இறங்குங்கள், மருந்தை ஆரம்பித்துவிட்டு அங்கிருந்து அனுப்புவார்கள். போனதும் முதல் வாக்கியமாக "ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்த கால்", "ஆபரேஷன் முடிந்து 15 நாள்" என்று சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்குது என்று மட்டும் சொன்னால் ஆஸ்துமா, பயம், கேஸ் என்று டாக்டருக்கும் நூறு வழி இருக்கிறது.

தங்கையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள், எனக்கென்னவோ அதுதான் பெரிய கேள்வி. பிரசவத்துக்கு அடுத்த ஆறு வாரம் ஒரு பெண்ணின் ரத்தம் உறைவதற்கு மிகவும் தயாராக இருக்கும் காலம், சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடக் கூடாதே என்று உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதற்கு மேல் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை பெற்ற உடம்பு என்று எழுந்திருக்க விடுவதில்லை, தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அரை டம்ளரோடு நிறுத்திவிடுகிறோம். லேகியம் கொடுங்கள், பத்தியச் சாப்பாடு போடுங்கள், அதோடு எனக்குச் சண்டை இல்லை. தண்ணீரை மட்டும் அளக்காதீர்கள், பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கிற மட்டும் குடிக்கட்டும், முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்கட்டும். கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் கட்டி பெரும்பாலும் இடது காலில்தான் வரும், ஏனென்றால் இடுப்புக்குள் இடது சிரையின் மேல் வலது தமனி குறுக்கே ஏறிப் போகிறது, கர்ப்பப்பையும் சேர்ந்து அழுத்துகிறது. கெண்டைக்காலில் தொடங்காமல் தொடை முழுக்க ஒரேயடியாக வீங்கி, இடுப்பிலும் அடிவயிற்றிலும் வலிக்கலாம், அதைப் பிரசவ வலியின் மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது.

தலைவலியையும் சேர்த்துப் பாருங்கள். பிரசவமான பெண்களுக்கு மூளையின் சிரையில் கட்டி வருவதை நம் நாட்டு டாக்டர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறோம். மாத்திரைக்குக் கட்டுப்படாமல் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு கை மரத்துப்போவது, திடீரென்று வலிப்பு. இதைக் காற்று கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடிக்க அழைத்துப் போய், இரண்டு நாள் கழித்து எங்களிடம் கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தங்கைக்கு இதில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

பெண்கள் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். கோயிலுக்குப் போக வேண்டும், கல்யாணம் இருக்கிறது என்று தீட்டுத் தள்ளிப்போகும் மாத்திரையை மெடிக்கலில் பெயர் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஹார்மோனில் ஒரு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும், அதனால் ஏற்கெனவே கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் வந்தவர்கள், ரொம்ப உடம்பு கனத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அதைச் சாப்பிடும் நாட்களில் காலோ நெஞ்சோ வலித்தால், மாமியார் முன்னால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் அந்த மாத்திரையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பயணத்தைப் பற்றி ரொம்பப் பயமுறுத்த விரும்பவில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்த பயணம், பஸ்ஸோ விமானமோ, ஆபத்தைச் சுமார் இரண்டு மடங்காக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கு அடிப்படை ஆபத்தே குறைவு என்பதால் இரண்டு மடங்கும் குறைவுதான். பாரீசுக்குப் போய்வரும் நம் புதுச்சேரிக் குடும்பங்களும் ராத்திரி பஸ்ஸில் பெங்களூரு போகிறவர்களும் நடுநடுவே எழுந்து நடந்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கினால் போதும். ஆபரேஷன் ஆன கையோடு பறக்கிறவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

டெஸ்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோவிட்டுக்குப் பிறகு டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, லேப்பில் தாங்களாகவே எடுத்துக்கொண்டு எண் கூடியிருக்கிறது என்று வியர்த்துப்போய் வருகிறார்கள். ஆபரேஷன், கர்ப்பம், காய்ச்சல், வயது எல்லாவற்றுக்கும் அது கூடும். சந்தேகம் குறைவாக இருக்கிறவருக்கு அது நார்மலாக வந்தால் கட்டி இல்லை என்று விடலாம், அதற்குத்தான் அது உதவும். காலுக்கு டாப்ளர், நுரையீரலுக்கு சி.டி. ஆஞ்சியோ, இவைதான் தீர்ப்பு. முதல் டாப்ளரில் ஒன்றும் இல்லை என்று வந்து சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், காசு பறிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், கெண்டைக்காலில் இருந்த சின்னக் கட்டி அந்த ஒரு வாரத்தில் மேலே வளர்ந்திருக்கக் கூடும்.

உங்கள் அத்தையின் மருந்துக்கு வருகிறேன். அந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளராமல் நிறுத்தி வைக்கிறது, கரைப்பதை உடம்பு மெதுவாகச் செய்துகொள்ளும். ஆகவே வீக்கம் வடிந்துவிட்டது என்று இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள், குறைந்தது மூன்று மாதம். அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் போதும், பூண்டும் எலுமிச்சையும் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று வாட்ஸப்பில் வருவதை அழித்துவிடுங்கள். கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும், வலிக்குப் பாரசிட்டமால் போதும். இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம், சித்த மருந்து சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், தலையில் அடிபட்டால், காயம் சிறியதாக இருந்தாலும் போய்க் காட்ட வேண்டும். கீரையை நிறுத்தச் சொன்னார்கள் என்றீர்கள். அந்தக் கட்டுப்பாடு பழைய வார்ஃபரின் மாத்திரைக்கு, அதிலும் நிறுத்தச் சொல்வதில்லை, ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்வோம். உங்கள் சீட்டில் இருப்பது ரிவராக்ஸபான், அதற்குக் கீரையால் தொந்தரவு இல்லை. ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் சரியாகச் சேராது, சாப்பாட்டோடு கொடுங்கள். முதல் 21 நாள் காலை ஒன்று, இரவு ஒன்று, அதற்கப்புறம் ஒரு வேளைக்கு மாறும், மில்லிகிராமும் மாறும், அந்த மாறும் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். நடக்கலாமா என்றால், மருந்து ஆரம்பித்த பிறகு படுக்கையில் போட்டு வைக்க வேண்டாம், எலும்பு டாக்டர் காலை ஊன்றலாம் என்று சொல்லியிருக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடக்கட்டும்.

கடைசியாக, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போயே தீருவேன் என்று அத்தை பிடிவாதம் பிடிப்பதாகச் சொன்னீர்கள். 14 கிலோமீட்டர் இந்தக் கணுக்காலோடு இப்போது முடியாது, எலும்பும் விடாது. ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்றால் காரில் கூட்டிப் போங்கள், மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நடக்க விடுங்கள், அண்ணாமலையாரைக் கோயிலில் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். இரவு மாத்திரை நேரத்துக்கு வழியில் டிபன் கிடைக்காமல் போகலாம், வீட்டிலிருந்தே இரண்டு இட்லி கட்டிக்கொள்ளுங்கள்.